30 மடங்கு என்று வாங்கிய கைலென்ஸ்: கொடைக்கானலில் நான்கு மாதம்

லென்ஸின் உலோக உறையில் ‘30 மடங்கு, 21 மி.மீ.’ என்று பொறித்திருக்கிறார்கள். 21 மி.மீ. உண்மை, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன். 30 பொய். எட்டு மடங்குதான் தேறுகிறது. இணையக் கடையில் விலை 340 ரூபாய். மலையேறி வீட்டுக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். எனக்கு மூளை குழம்பிவிட்டதா என்று சந்தேகப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

அஞ்சலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, நாயுடுபுரத்தில் குடியிருக்கிறேன். மழையில் நனைந்து முகவரி கரைந்துபோன உறைகளைப் படிப்பதற்கென்று என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு லென்ஸ் கிடக்கும். கைப்பிடி வைத்த பெரிய லென்ஸ், மூன்று மடங்குக்கு மேல் போகாது. பேத்திக்கு அது போதவில்லை. திண்டுக்கல்லில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சூரியகாந்திக் குடும்பத்தில் 20 செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இங்கே வந்தவள், செல்பேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினாள். படம் பிடித்தால் பெயர் சொல்லிவிடுமாம்.

“அப்புறம் எதற்கம்மா லென்ஸ்?” என்றேன்.

“அது பெயரைத்தான் சொல்லும் தாத்தா. எதைப் பார்த்து அந்தப் பெயருக்கு வந்தாய் என்று மிஸ் கேட்பார்கள். எழுதாவிட்டால் மதிப்பெண் இல்லை.”

அந்த ஆசிரியை யாரென்று தெரியாது. ஆனால் நல்ல ஆசிரியை.

லென்ஸ் வந்த அன்றே சோதித்தோம். 250 மி.மீட்டரைக் குவியத் தொலைவால், அதாவது தூரத்துப் பொருளின் படம் லென்ஸுக்குப் பின்னால் தெளிவாக விழும் தூரத்தால், வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். 250 என்பது சாதாரணக் கண் சிரமமில்லாமல் படிக்கிற தூரம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினேன். வெளியே நிற்கும் யூகலிப்டஸ் மரம் தலைகீழாகத் தாளில் விழுந்தது. படம் துல்லியமாக நின்ற இடத்தில் பேத்தி ஸ்கேலை வைத்தாள். 31 மி.மீ. வகுத்துப் பார்த்தால் எட்டு. உண்மையிலேயே 30 மடங்கு என்றால் 8 மி.மீட்டரில் படம் விழ வேண்டும். 21 மி.மீ. அகலத்தில் முழுக் கோலிக்குண்டையே உறைக்குள் வைத்தாலும் ஏறக்குறைய 16 மடங்குதான் கிடைக்கும். இந்த அகலத்தில் 30 என்று எழுதியிருப்பதை எங்கே கண்டாலும் நம்பாதீர்கள். விற்றவருக்கு இதையெல்லாம் கணக்கோடு எழுதினேன். ‘30 என்பது மாடல் எண் ஐயா’ என்று பதில் வந்தது. அவருடைய சாமர்த்தியத்துக்காகவே பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

திருப்பிக் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. செடி பார்க்கிறவர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பது பெரும்பாலும் 10 மடங்கு லென்ஸ்தான். அதற்கு மேலே போகப் போக வெளிச்சம் குறையும், தெரிகிற பரப்பு சுருங்கும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். என் வயதில் மூன்றாவது காரணம் ஒன்றே போதும். இவர்கள் நிஜமாகவே 30 மடங்கு அனுப்பியிருந்தால் அது இந்நேரம் பரணில் கிடக்கும்.

வாங்குகிறவர்கள் முதலில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். துப்பறிவாளர் மாதிரி லென்ஸைப் பூவுக்கு மேலே நீட்டி, எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸ் கண்ணோடு, என்னைப் போன்றவர்களுக்கு மூக்குக்கண்ணாடியோடு, ஒட்டியிருக்க வேண்டும். பூதான் நம்மை நோக்கி வர வேண்டும். மூன்று சென்டிமீட்டர் அருகே வந்ததும் சட்டென்று தெளியும். லென்ஸ் பிடித்த கையின் மணிக்கட்டும் பூ பிடித்த கையின் மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுக்கம் அடங்கும்.

முதலில் பார்த்தது மூக்குத்திப் பூண்டு. கல்லூரி விடுதிச் சுவரோரம் பறித்து, டிபன் பாக்ஸில் ஈரத்துணி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டால் அதன் இலையைக் கசக்கித்தான் வைப்பார்கள். அறுபது வருடமாகப் பழகிய செடி. ஒரு காம்பில் ஒரு பூ என்றுதான் நினைத்திருந்தேன். லென்ஸை வைத்ததும் அது ஊராகத் தெரிந்தது. ஓரத்தில் ஐந்து வெளிர்மஞ்சள் ‘இதழ்கள்’. ஒவ்வொன்றும் தனிப் பூ, நுனியில் மூன்று பல். நடுவே மஞ்சள் குழல்களாக நெருக்கியடித்துக்கொண்டு டஜன் கணக்கில் வேறு பூக்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஐந்து மடல். ஓரத்தில் இருப்பவை கதிர்ச் சிறுமலர்கள், நடுவில் இருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள் என்று பேத்தி பாடம் நடத்தினாள். மொத்தமும் சேர்ந்ததுதான் தலை மஞ்சரி. நாம் பூ என்று சொல்லித் தலையில் வைத்துக்கொள்வது ஒரு கூட்டத்தை.

ஒரு குழலை ஊசியால் பிரித்தாள். மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி, குழலுக்குள் இன்னொரு குழல். மகரந்தம் அதன் உள்பக்கமாகக் கொட்டுகிறது. சூலகத்தண்டு அடியிலிருந்து வளர்ந்து வந்து, புட்டுக்குழலில் கம்பை விட்டுத் தள்ளுவதுபோல மகரந்தத்தை வாசலுக்குத் தள்ளுகிறது. தள்ளி முடித்த பிறகுதான் நுனி இரண்டாகப் பிரிந்து, வெளியிலிருந்து வரும் மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது. எட்டு மடங்கில் இந்த மூன்று நிலைகளும் ஒரே மஞ்சரியில் தெரிந்தன. ஓரத்துக் குழல்கள் முந்தி மலர்வதால் அங்கே தண்டு பிளந்திருந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நடுமையத்தில் மொட்டுகள். காலை டிபனை மறந்துவிட்டோம்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. கடைச் சாமந்தியை வைத்து இதைப் படிக்க முயலாதீர்கள். நான் செய்து பார்த்தேன். மாலைக்கென்று பல தலைமுறையாக அடுக்கு அடுக்காகத் தேர்ந்தெடுத்ததில், நடுவில் இருக்க வேண்டிய குழல் பூக்களில் பெரும்பாலானவை ஓரத்துப் பூப்போல நாக்குப் பூவாக மாறிவிட்டிருக்கின்றன. பிரையண்ட் பூங்காவின் டேலியாவும் அதே கதை. படிப்புக்குக் களைச்செடிதான் சரி.

இந்தக் குடும்பத்தில் 1,600க்கு மேல் பேரினங்கள், 25,000க்கு மேல் இனங்கள். பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பம் எது என்பதில் ஆர்க்கிட்டுகளோடு போட்டி. இவ்வளவையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று முதலில் மலைப்பாக இருந்தது. இரண்டாம் நாள், ‘இது நம் வேலைதானே’ என்று தோன்றியது. பின்கோடு 6 என்று தொடங்கினால் தெற்கு, 624 என்றால் திண்டுக்கல் வட்டாரம், 624101 என்றால் கொடைக்கானல். முதல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. செடியிலும் அப்படித்தான். தண்டைக் கிள்ளினால் பால் வருகிறதா? தலை முழுவதும் ஐந்து பல் வைத்த நாக்குப் பூக்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் சாலட் கீரையின் கூட்டம், ஒரு பெரிய மூட்டை தனியே போய்விட்டது. இல்லையென்றால் அடியிலுள்ள செதில்களைப் பார், எத்தனை அடுக்கு என்று எண்ணு. பிறகு விதையின் தலையைப் பார்.

விதையின் தலை என்றேன். லென்ஸ் தன் விலையைச் சம்பாதித்தது அங்கேதான். மற்ற பூக்களில் பச்சைப் புல்லி இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் குடும்பத்துக்கு மயிரோ, இறகோ, செதிலோ, முள்ளோ இருக்கிறது. பாப்பஸ் என்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரியும்.

பெருமாள்மலைப் பக்கம் ஒரு நண்பருடைய காப்பித் தோட்ட ஓரத்தில் ஒரு செடி. வட்டக்கானல் சாலையில் ஈரம் கசிகிற பள்ளத்தில் இன்னொன்று. இரண்டிலும் கதிர்ச் சிறுமலர் கிடையாது, சின்னச் சின்னத் தலைகள் கொத்தாக, பஞ்சு வைத்தாற்போல. தோட்டத்துச் செடியும் அன்று வெள்ளையாகவே பூத்திருந்தது. செயலி இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொன்னது. மறுபடி படம் பிடித்தால் இரண்டு பெயர் சொன்னது, அதையும் இடம் மாற்றி. மூன்றாம் முறை ‘டெய்சி’ என்று ஒதுங்கிக்கொண்டது.

சாலையோரத் திண்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு விதையை எடுத்துக்கொண்டோம். இரண்டும் கறுப்பு, இரண்டும் எள்ளைவிடச் சின்னது. தோட்டத்து விதையின் தலையில் ஐந்து செதில்கள், அடியில் அகன்று நுனி ஊசியாகக் கூர்ந்து, சின்னக் கிரீடம் மாதிரி. பள்ளத்து விதையின் தலையில் செதிலே இல்லை. மெல்லிய வெள்ளை மயிர்கள், தொட்டால் உதிர்ந்தன. முதலாவது ஏஜெரேட்டம். இரண்டாவது ஏஜெரடினா, மெக்சிகோவிலிருந்து வந்து நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடைக் கரைகளையெல்லாம் வளைத்துப் போட்டிருக்கிற களை. ஒருமுறை பார்த்த பிறகு இலையும் சாட்சி சொல்கிறது. பள்ளத்துச் செடிக்கு ஓரம் வெட்டிய முக்கோண இலை, ஊதா ஏறிய தண்டு. ஆனால் சந்தேகத்தைத் தீர்த்தது விதைதான். அந்தத் தாளில் பேத்தி இப்படி எழுதினாள்: ‘பாப்பஸ் மயிர்களால் ஆனது, செதில் இல்லை, ஆகவே ஏஜெரேட்டம் அல்ல.’ ஒரு தீர்ப்புரை மாதிரி இருந்தது.

பழைய புத்தகங்களில் இந்த ஏஜெரடினாவைத் தேடினால் கிடைக்காது. யூபடோரியம் என்று போட்டிருப்பார்கள். 1970இல் பேரினம் மாற்றிவிட்டார்கள். நெய்ச்சட்டிப் பூண்டும் அப்படித்தான், வெர்னோனியாவாக இருந்தது சயாந்திலியம் ஆகிவிட்டது. பேத்திக்கு இதில் எரிச்சல். எனக்கு இல்லை. வீடு மாறிப் போனவர்களின் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பியே பாதி வாழ்க்கை போயிற்று.

எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியோரம் பால் வடிகிற ஒரு களை நிற்கிறது. சோங்கஸ். மஞ்சள் பூ, காய்ந்தால் வெள்ளைப் பஞ்சு உருண்டை. இதில் குழப்பிக்கொள்ளக்கூடிய இரண்டு இனங்கள், ஒலரேசியஸ், ஆஸ்பர். இலையின் அடிப்புறம் தண்டைக் கட்டிக்கொள்ளும் காது கூராக இருந்தால் முதலாவது, உருண்டு சுருண்டிருந்தால் இரண்டாவது என்கிறார்கள். எங்கள் செடியின் காதுகளை ஆடு தின்றுவிட்டிருந்தது. மறுபடி விதைதான். பஞ்சை ஊதிவிட்டு, பழுப்பு விதையை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் நீளவாட்டில் வரிகள், வரிகளுக்கு இடையே குறுக்குச் சுருக்கங்கள், உலர்ந்த பேரீச்சம்பழத்தின் தோல்போல. ஆஸ்பர் என்றால் வரிகளுக்கு நடுவே வழவழவென்று இருக்க வேண்டும். ஆகவே ஒலரேசியஸ். வெளிச்சம் நேராக விழுந்தால் சுருக்கம் தெரியாது, பக்கவாட்டில் விழ வேண்டும். மங்கிய முத்திரையைப் படிக்கிற அதே உபாயம்.

பைடன்ஸ் விதைக்கு விளக்கமே வேண்டாம். கோக்கர்ஸ் வாக் போய்வந்தால் கம்பளிச் சால்வையில் ஒட்டிக்கொண்டு வருகிற கறுப்பு ஊசி. அதன் பாப்பஸ் இரண்டு மூன்று முட்கள். லென்ஸில் பார்த்தால் முள்ளின் மேலெல்லாம் தூண்டில் மாதிரிப் பின்னோக்கிய கொக்கிகள். சால்வையிலிருந்து இழுத்தால் ஏன் நூலும் சேர்ந்து வருகிறது என்று அன்றுதான் புரிந்தது.

ஏரிக்கரையில் ‘வாடாத பூ’ என்று கொத்துக் கட்டி விற்கிறார்களே, அதையும் பார்த்தோம். ஆஸ்திரேலியச் செடி. பளபளவென்று இதழாகத் தெரிவதெல்லாம் இதழே இல்லை, அடிச்செதில்கள் காகிதமாக விறைத்து வண்ணம் கொண்டவை. நிஜப் பூக்கள் நடுவில் மஞ்சள் பொட்டாக ஒடுங்கிக் கிடக்கின்றன. ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். செதில்கள் எழும்பி மூடிக்கொண்டன. வெயிலில் காயவைத்ததும் திறந்துகொண்டன. செத்த பூ இப்படிச் செய்வதைப் பார்த்து என் மனைவி அதைப் பூஜையறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்றுவிட்டாள்.

லென்ஸ் தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். மன்னவனூர் சாலையில், வெட்டிவிட்ட மண்சரிவில் வெள்ளைக் காகிதத் தலையோடு நின்ற ஒரு செடியில் ஒரே ஒரு கிளையை எடுத்தோம். பேரிஜம் பக்கம் இன்னும் நிறைய இருக்கும், ஆனால் அங்கே போகவே வனத்துறை அனுமதி வேண்டும், பறிப்பது தப்பு. இது அனாபாலிஸ் என்பது வரைக்கும் சிரமமில்லாமல் வந்துவிட்டோம். எந்த அனாபாலிஸ்? இந்த மலைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. நீலகிரியின் பெயர் வைத்த ஒன்று உண்டு. தென்னிந்தியச் செடிகளை ரங்கய்யா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களைக்கொண்டு வரைய வைத்த ராபர்ட் வைட் பெயரிலும் ஒன்று உண்டு. இலையின் மேல் படர்ந்திருக்கும் கம்பளி மயிர் எப்படிப்பட்டது, நடுவே சுரப்பி இருக்கிறதா என்று பார்க்க எட்டு மடங்கு பற்றவில்லை. வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதற்குக் கல்லூரி நுண்ணோக்கிதான் வேண்டும்.

சூலகத்தண்டின் கிளைகளும் அப்படித்தான். இந்தக் குடும்பத்தை முதன்முதலில் உருப்படியாகக் கூட்டங்களாகப் பிரித்தவர் பாரிஸ்காரர் ஆன்ரி காசினி. அப்பா வரைக்கும் நான்கு தலைமுறையாகப் பாரிஸ் வானாய்வகத்தை நடத்திய குடும்பம். இவர் நீதிபதி வேலை பார்த்துக்கொண்டு பூக்களைப் பிரித்துப் பார்த்தார், 1832இல் காலராவில் இறந்தார். பிளந்த தண்டின் கிளை நுனி மழுங்கலா, கூரா, மயிர் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் அவர் பிரித்தார். அந்தக் கூட்டங்களில் பல, மரபணு பார்க்கிற இந்தக் காலத்திலும் நிற்கின்றன என்று பேத்தி சொன்னாள். ஜெர்பரா மாதிரிப் பெரிய பூவில் எங்கள் லென்ஸ் அதைக் காட்டியது. ஏஜெரடினாவில் கிளை நீட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இனி சில்லறைக் குறைகள். வரைபடத்தாளை வைத்துப் பார்த்தால் ஓரத்துக் கோடுகள் வில்லாக வளைகின்றன. நடு மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்பலாம். விளிம்பில் ஊதாச் சாயம் கட்டுகிறது. நம் ஊர்க் கல்சுவர்களிலெல்லாம் தொங்குகிற சின்ன வெள்ளை எரிஜெரான் பூ, வயதானால் நிஜமாகவே ரோஸாகும். முதல் நாள் அதன் இளம்பூவையும் ரோஸ் என்று குறித்துக்கொண்டோம், அது லென்ஸ் பூசிய ரோஸ். ஜனவரிக் காலையில் மூச்சுப் பட்டாலே கண்ணாடி மங்கிவிடுகிறது. சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் மங்குவதில்லை. உறையோடு பிணைக்கும் திருகு இரண்டாம் வாரமே தளர்ந்து, பூம்பாறை பஸ்ஸில் கழன்று விழுந்தது. நடத்துநர் விசில் ஊதி நிறுத்தி, டார்ச் அடித்துத் தேடிக் கொடுத்தார். முடுக்கிவிட்டு மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டிருக்கிறேன், இன்றுவரை அசையவில்லை. கூட வருகிற தோல்பை தோல் இல்லை, நனைந்தால் சாயம் விடுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும்.

குறைத்த ஒரு நட்சத்திரம் அந்த 30க்காக. மற்றபடி பேத்தி 20 தாள்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். 17இல் இனம் வரைக்கும் பெயர் இருந்தது. மூன்றில் பேரினத்தோடு நிறுத்தி, ஏன் நிறுத்தினோம் என்று எழுதியிருந்தாள். லென்ஸும் அவளோடு விடுதிக்குப் போய்விட்டது. நான் அதே கடையில் இன்னொன்று வரவழைத்தேன். புது மாடலாம், உறையில் ‘40 மடங்கு’ என்று பொறித்திருந்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தாளை ஒட்டி அளந்தேன். 31 மி.மீ.